கறையான் அரித்த தேக்குகள்

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை, தேக்கங்கன்றுகள் இருந்தன. எங்கள் ஊரான அக்கராயனில், வீட்டு வளவுக்குப் பின்னால் கிடந்த மேட்டுக்காணியில் மரம் வளர்த்தால் அரசாங்கம் மானியம் தரும் என்று அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் சைக்கிளில் வந்து சொன்னார். காடு குறைகிறதாம், மண் கரைகிறதாம். பாதிப் பணம் நட்டவுடன், மீதி மூன்றாம் வருடம். கன்று தானாகப் பட்டுப்போனால் குற்றமில்லை. கையால் வெட்டினால் மட்டும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

அதன்பிறகு, அவர்களோடு நான் வளர்ந்த அந்த வீட்டில் தேக்குக்குத்தான் முதல் மரியாதை. எனக்குக் காய்ச்சல் என்றால் பெரியம்மா பார்த்துக்கொள்வார். தேக்கிலையில் ஓட்டை என்றால் பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது. ஒரு வரிசைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. மீதிப் பணத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்குவதாகத் திட்டம். சண்டைத் தடையில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று பெரியம்மா கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

மூன்றாம் வருட மாரியில் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து வந்து குவிந்தது. எங்கள் விறாந்தையில் ஏற்கனவே இரண்டு குடும்பங்கள். பள்ளிக்கூட மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த ஒரு தாயையும் அவளுடைய பச்சைக் குழந்தையையும் பெரியம்மா கூட்டிவந்துவிட்டார். வயலெல்லாம் வெள்ளம். காய்ந்து கிடந்தது தேக்கு நின்ற மேடு ஒன்றுதான்.

"பிள்ளைக்குச் சளி இழுக்குதப்பா" என்றார் பெரியம்மா.

விடிந்ததும் பெரியப்பா கத்தியோடு மேட்டுக்குப் போனார். ஒவ்வொரு மரத்தையும் ஒருமுறை தடவிவிட்டு வெட்டினார். என் வரிசைக்கு வந்தபோது நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். மெதுவாக என்னை விலக்கிவிட்டு அதையும் வெட்டினார். பொழுதுபடுவதற்குள் அந்தத் தடிகளையே நட்டு, கிடுகு வேய்ந்து, ஒரு கொட்டில் எழும்பிவிட்டது.

அடுத்த கிழமை உத்தியோகத்தர் வந்தார்.

"எங்கை மரங்கள்?"

"கறையான் அரிச்சுப்போட்டுது, ஐயா" என்றார் பெரியப்பா, நிலத்தைப் பார்த்தபடி.

பொய் சொன்னதற்காகப் போன மாதம் என்னை வெயிலில் நிறுத்திவைத்தவர் இவர்தான்.

"இல்லை ஐயா! பெரியப்பாதான் வெட்டினவர். நான் பாத்தனான்!"

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உத்தியோகத்தர் கொட்டில் பக்கம் திரும்பினார். பட்டைகூட உரிக்காத தேக்கந்தடிகள் நாலு மூலையிலும் நின்றன. குறுக்குத் தடியில் சேலையால் கட்டிய ஏணை. அதற்குள் குழந்தை இருமியது. அவர் நெடுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பேனையை எடுத்து, எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார்: "கறையான்."

"ஐயா, நான் மெய்யாத்தான்..."

"ஓம் பிள்ளை. இந்த மாரியிலை கறையான் கூடுதல்தான்."

அவ்வளவுதான். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். மீதிப் பணம் வரவில்லை, கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை. பெரியப்பா என்னை அடிப்பார் என்று பயந்து கிணற்றடியில் ஒளிந்திருந்தேன். அவர் வந்து என்னைத் தூக்கி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

உண்மையைச் சொல்லியும் ஒரு பெரிய மனிதர் என்னை நம்பவில்லையே என்று அவர் தோளில் கிடந்து விம்மினேன். அந்த மனிதர் என்னை நம்பியதால்தான் அப்படி எழுதினார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.