இடப்பக்கத்துச் சாலைகள்

பிப்ரவரி 16, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்தேன். இட்லி சாப்பிட்டுவிட்டு, என் மனைவி தனமும் நானும் பிரேசர் டவுனில் ஆட்டோ பிடித்து ஜோகுபாளையம் போனோம், பைக் பார்க்க.

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதனால்தான் என் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியிருந்தது. மகள் வேலைக்காகப் புனே போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பழையபடி இருவருமாக ஊர் சுற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. தனம் ஏறமாட்டேன் என்றால் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

வண்டியை விற்கும் சம்பத்திடம் நாங்கள் வரும் நேரத்தையும் சொல்லவில்லை. முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் எந்தக் கிழட்டு எஞ்சினும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். அதனால் போனதும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்றிருந்தது.

"இன்னா சார், ஜொரமான்னு பாக்கறீங்களா?" என்றார் சம்பத். "லடாக் போய் வந்த வண்டி சார். ஒரு பேஜாரும் குடுத்ததில்ல."

நான் செயின், டயர் என்று குனிந்துகொண்டே போனேன். தனம் அவரிடம் சொன்னாள்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ நிமிர்ந்துகூடப் பாக்கல இவரு."

வெயிலில் காய்ந்த சீட்டிலிருந்து ரெக்சின் வாசனை வந்தது. எங்கள் முதல் பைக்கிலும் இதே வாசனைதான். கல்யாணமான புதிதில் ஞாயிறானால் எங்காவது கிளம்பிவிடுவோம். சிவாஜிநகரில் வாங்கிய கடலை உருண்டைப் பொட்டலம் அவள் மடியில். ஒருபக்கமாக உட்கார்ந்து, பாதம் இரண்டும் இடப்பக்கத் தட்டில், வலது கை என் தோளில். பேச்செல்லாம் என் இடது காதுக்கு. வேகம் கூடினால் தோளில் கிள்ளுவாள். எனக்கு அதுதான் முதல் பிரேக்.

ஆனால் இந்த வண்டியில் இரு பக்கமும் பெரிய பெட்டிகள். ஒருபக்கமாக உட்கார வழியில்லை. காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். தனம் வாழ்நாளில் அப்படி ஏறியதில்லை. கொஞ்சம் ஆசை காட்டிப் பார்த்தேன்.

"நந்தி மலைக்குப் போற வழியில ஒரு தாமரைக் குளம், ஞாபகம் இருக்கா? மறுபடி போலாம்."

"எந்தக் குளம்?"

"வலது பக்கம் வருமே."

"நான் எங்கங்க வலது பக்கத்தைப் பாத்தேன்? உங்க முதுகைப் பாத்தேன்."

எனக்குக் கணக்கு சரியாக வேண்டும். "திரும்பி வரும்போது அது இடது பக்கம் வந்திருக்குமே?"

"வரும்போது இருட்டிடும். இல்லன்னா தூங்கிடுவேன்."

எத்தனை ஞாயிறுகள்! இருவரும் ஒரே சாலையில் போனதாகத்தான் நினைத்திருந்தேன்.

தனம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். "ரெண்டு பேரும் வண்டியைப் பிடிங்க. நான் சாஞ்சா வண்டியை விட்டுட்டு என்னைப் பிடிக்கணும்." இரண்டு முறை கால் பெட்டியில் இடித்தது. மூன்றாவது முறை ஏறிவிட்டாள். சம்பத் கைதட்டினார். அவள் தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, ஒன்றுமில்லாத அந்தக் குறுகிய தெருவைப் பார்த்தாள்.

"வாங்கிடுங்க," என்றாள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சாயங்காலம்தான் சொன்னேன். அந்தக் குளம் இப்போது இல்லை. போன வருடம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மதில் சுவரும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. கோலார் ரோட்டுப் புளியமரங்கள், தேவனஹள்ளித் திராட்சைத் தோட்டங்கள், எல்லாம் போய்விட்டன. தனம் "எவ்ளோ பெரிசா இருந்துச்சு?" என்று கேட்டாள். நினைவிருந்தவரை சொன்னேன். தாமரை என்ன நிறம் என்றாள். வெள்ளை என்றேன், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு.

மறுநாள் காலை, காபிக்கும் முன்னால், முதல் வேலையாகப் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓர் ஓட்டம் போய் வந்தோம். வழியெல்லாம் அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடித்துக்கொண்டே வந்தது, வலப்பக்கத்திலிருந்து.