அண்ணே, விடுங்க!

திடலின் நடுவரிசையில் நின்று பதினான்கு வருஷம் காற்பந்து ஆடிச் சம்பாதித்தவன் நான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், கோலைத் தடுத்தவனுக்குக் கைதட்டுவார்கள். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு. அதனால் பயம் எனக்குத் தொழில்முறை வியாதி. ஆட்டத்துக்கு முன் ஐந்து தடவை கழிவறைக்குப் போவேன். ஆறாவது தடவையும் போனால் அன்றைக்கு வெற்றிதான் என்று அணியில் ஒரு நம்பிக்கையே இருந்தது.

முப்பத்து நான்கு வயதில், என் ஒப்பந்தம் முடியப்போகிற மாதத்தில், அந்தப் பயம் முழுநேர வேலைக்கு வந்துவிட்டது. எங்கள் கோச் வெளிநாட்டுக்காரர். இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வாரா, அனுப்பிவிடுவாரா, வாயைத் திறக்கவில்லை. காலையில் என்னைப் பார்த்துத் தலையசைத்தால் பிழைத்தேன் என்று நினைப்பேன். அசைக்காவிட்டால் அன்று ஜொகூரில், மாசாய் ஊரிலிருக்கும் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

"அவருக்குக் கழுத்து வலியா இருக்கும். சாப்பிடுங்க," என்பாள் மனைவி.

அணியில் தமிழர்கள் இரண்டே பேர். நானும், எனக்குப் பின்னால் நின்று தடுத்தாடும் உலு திராம் ஊர்க்காரனும். எட்டு வருஷம் ஒன்றாக ஆடியவர்கள். மற்றவர்களோடு மலாயில் கத்துவோம், எங்களுக்குள் தமிழில். அவன் பின்னாலிருந்து "விடு!" என்று கத்தினால், எனக்கு வரும் பந்தை நான் தொடவே மாட்டேன். அது என்னைத் தாண்டி அவனிடம் போகும். எதிரணிக்காரன் என் காலையே பார்த்துக்கொண்டு நிற்பான். திரும்பின பக்கமெல்லாம் தமிழ் கேட்கும் ஜொகூரில் இதை எங்கள் ரகசிய ஆயுதம் என்று பீற்றிக்கொண்டோம்.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் கோச் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆடு. மறுநாள் காலை என் அறைக்கு வா," என்றார். அவ்வளவுதான். ஆட்டத்தன்று கழிவறைக்கு ஏழு தடவை போனேன்.

எதிரணியில் முன்வரிசையில் கூலாய் ஊர்த் தமிழ் இளைஞன் ஒருவன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஆட்டத்துக்கு முன் வரிசையாகக் கைகுலுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஸ்கூல் படிக்கிறப்பலேருந்து உங்க ஆட்டத்தப் பாக்குறேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பத்து வயது கூடியதும் உண்மை.

இரண்டாம் பாதி வரைக்கும் கோல் இல்லை. நானும் பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து எங்கள் ஆள் எனக்குப் பந்தை உருட்டிவிட்டான். சரியாக அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அண்ணே, விடுங்க!"

விட்டேன். சும்மா விடவில்லை. பஸ்ஸில் இறங்குகிறவருக்கு ஒதுங்குவோமே, அப்படி உடம்பைச் சுருக்கி வழிவிட்டேன். பந்து நேராகக் கூலாய்க்காரன் காலுக்குப் போனது. நாலே எட்டு வைத்தான். கோல்.

உலு திராம்காரன் ஓடி வந்தான். "டேய்! எட்டு வருஷத்துல ஒரு நாளாவது நான் உன்ன 'விடுங்க'ன்னு சொல்லியிருக்கேனா?"

"அவசரத்துல மரியாத வந்துருச்சோன்னு நெனச்சேன்லா."

"மரியாதையா? உன்மேலயா? எனக்கா?"

நான் நடுவரிடம் ஓடினேன். எதிரணி ஆளைக் குரல் கொடுத்து ஏமாற்றுவது குற்றம், விதியிலேயே இருக்கிறது. நடுவர் மலாய்க்காரர்.

"என்ன சொன்னான்?"

"பந்தை விடச் சொன்னான்."

"நீ ஏன் விட்டாய்?"

இந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் நல்ல பதில் கிடையாது. நடுவர் அவனைக் கூப்பிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்புத் தலைவன் மாதிரி நின்றான்.

"'தும்பாங் லாலு' சொன்னேன், துவான்."

கூட்டத்தில் குனிந்து, கொஞ்சம் வழிவிடுங்கள் என்று மலாயில் கேட்பார்களே, அந்தச் சொல். மொழிபெயர்ப்பில் குற்றம் சொல்ல முடியாது. நடுவர் விசிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வழி கேட்டவனுக்கு மஞ்சள் அட்டை காட்ட அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

மறுநாள் மாசாயிலிருந்து காரோட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். 'விடு' வேறு, 'விடுங்க' வேறு, சார். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்தினார்.

கோச்சின் மேசையில் கணினி. திரையில் நான். சத்தமில்லாத காணொளியில் பந்துக்கு அவ்வளவு அழகாக வழிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். அண்ணன் என்றால் என்ன, மரியாதை எப்படி வினைச்சொல்லில் ஒட்டிக்கொள்ளும், அது காதில் விழுந்தால் எங்கள் உடம்பு எப்படித் தானாக ஒதுங்கும் என்று பத்து நிமிஷம் இலக்கணப் பாடம் நடத்தினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

"இது இரண்டு மாதத்துக்கு முன்பே எடுத்த முடிவு," என்றார். "உன் வேகம் குறைந்துவிட்டது. சீசன் முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது."

"அப்ப அந்தக் கோலால இல்லையா?"

"இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமாக."

எழுந்து அவர் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கி நன்றி சொன்னேன். அந்த அறையில் அழுதவர்கள் உண்டு, நாற்காலியை உதைத்தவனும் உண்டு. வேலை போனதற்கு நன்றி சொன்னவனை அவர் அன்றுதான் பார்த்தார். கதவு வரைக்கும் வந்து, "நீ நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டார்.

மனைவி கேட்டைத் திறந்துகொண்டே, "என்னாச்சு?" என்றாள்.

"வேல போச்சு."

"அப்புறம் எதுக்குப் பல்லெல்லாம் தெரியுது?"

"வேகம் கொறைஞ்சிருச்சாம். அவ்வளவுதான்."

"இத நான் மூணு வருஷமா சொல்றேன். எனக்கு யாரு கோச் சம்பளம் குடுத்தா?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். ஒன்றைக் கழற்றியதும் கை நின்றுவிட்டது. திங்கட்கிழமை பயிற்சி இல்லை. செவ்வாயும் இல்லை.

"திங்கக்கெழம காலைல நான் எங்க போறது?" என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் சிறியதாகக் கேட்டது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மற்றக் காலணியின் கயிற்றை அவிழ்த்தாள்.

"பாப்பாவ ஸ்கூல்ல விடுங்க. கிளாஸ் வாசல் வரைக்கும் போய் விடணும். லேட்டாகாம."

அதற்கும் பயந்தேன். மகள் இப்போது எத்தனையாவது படிக்கிறாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

மூன்றாம் ஆண்டாம்.