மாஸ்டரம்மாவின் காது

தங்கை கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன அந்த வெள்ளிக்கிழமை, மாஸ்டரம்மா பதினொரு துண்டுகளை மென்று பதினொன்றையும் துப்பியிருந்தார். பன்னிரண்டாவதைத்தான் விழுங்கிவிட்டார்.

தொழிற்சாலை கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி அவர் பொறுப்பு. நானூறு பேருக்கு மீனும் கோழியும் உருளைக்கிழங்கும் பொரித்தாக வேண்டும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்க்காமல் தட்டை வெளியே விடமாட்டார். ஆனால் உடல் பருமனும் சுகரும் குறையவேண்டும் என்று ஆறு வாரத்துக்கு முன்புதான் அவருடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போலத் தைத்து அனுப்பியிருந்தார்கள். எண்ணெய்ப் பண்டம் ஆகவே ஆகாது. மசித்ததுதான் ஆகாரம், அதுவும் ஒரு வேளைக்கு நாலு கரண்டி. அதனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கையருகில் ஓர் எவர்சில்வர் தம்ளர் வைத்துக்கொண்டார். கடிப்பார், மெல்லுவார், உப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்ததும் தம்ளரில் துப்பிவிடுவார்.

மசித்த முட்டை டப்பாவோடு தங்கை பின்வாசல் வழியாக வந்த நேரம், பாத்திரம் கழுவுகிறவர் அந்தத் தம்ளரை எடுத்துப் போயிருந்தார்.

"வாயில என்னக்கா?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. தம்ளர் இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே ஓர் ஈர வட்டம் மட்டும் இருந்தது.

"முழுங்கப் போறியா?"

கேட்ட பதற்றத்தில் உள்ளே போய்விட்டது. தொண்டை ஏறி இறங்கியதைத் தங்கை பார்த்தாள்.

"பதினொண்ணு துப்பினேன்டி. நீ வந்து மிரட்டினதுலதான் இது உள்ள போயிடுச்சு."

"ஆமா, நான்தான் ஊட்டிவிட்டேன்." டப்பாவை மேடையில் வைத்தாள், வைத்த வேகத்தில் மூடி கழன்று ஓடியது. "நாப்பது நாள் லீவு போட்டு மசிச்சு மசிச்சுக் குடுத்தேன். தூக்கத்துல உனக்கு மூச்சு நிக்கும், திரும்ப வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தவ நான். இனிமே எனக்குப் பேச்சும் வேணாம், எண்ணெய்ப் பண்டம் தொடமாட்டேன்னு நீ பண்ணின சத்தியமும் வேணாம்."

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். மாஸ்டரம்மா வீடு திரும்பியபோது சமையல் மேடையில் ஓர் அட்டைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. கெட்டி ஆகாரம் தொடங்கும் நாளில் திறக்கலாம் என்று தங்கை வாங்கி வைத்திருந்த ஏர் ஃப்ரையர். பெட்டியின் மேல் அவள் கையெழுத்தில் ஒரு காகிதம்: எந்தப் பண்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று வரிசையாக. "நிமிஷம் பாத்துச் சமைக்கிறதெல்லாம் ஒரு சமையலா?" என்று அதைப் படிக்காமலே மடித்து இழுப்பறையில் போட்டார்.

அவர் கடிகாரத்தைப் பார்ப்பவர் அல்ல. சட்டியைக்கூடப் பார்ப்பவர் அல்ல. அதற்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்குவார். துண்டு விழுந்ததும் எண்ணெய் கத்தும். ஈரம் வற்ற வற்ற அதன் குரல் இறங்கும். கடைசியில் யாரோ காதருகே ரகசியம் சொல்வதுபோல ஆகிவிடும். "இப்ப எடு," என்பார், திரும்பாமலே. எடுத்தால் பதம் சரியாக இருக்கும். தட்டுகள் விழுந்து உடைந்தாலும், கேன்டீனில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும் அந்தக் காதுக்கு எண்ணெயின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

முன்பு நூற்று இருபத்தெட்டு கிலோ. ஏப்ரன் கயிறு பின்னால் முடிச்சுப் போடவே எட்டாது, ஊக்கு குத்திக்கொள்வார். இப்போது அதே கயிறு இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வந்து முடிச்சாகிறது. கல்லாவில் இருப்பவர் ஒருநாள் விடவில்லை.

"என்ன மாஸ்டரம்மா, பாதி ஆளை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

"வேலை செய்யுற பாதி வந்திருக்கு. சம்பளம் கேக்குற பாதி மாசக் கடைசியில வரும், தயாரா இருங்க."

வெளியில் இப்படி. வீட்டில் அவர் தினமும் ஒரு சிறு தட்டில் தன் ஆகாரத்தை வைத்து, எடைக் கருவியின் மேல் அந்தத் தட்டை வைத்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் தங்கைக்கு அனுப்பினார். பேச்சு வேண்டாம் என்றுதான் சொன்னாள்; படம் வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒரு சொல்லும் சேர்க்கமாட்டார். சிறிது நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாகும். அவ்வளவுதான். நீலமாகும்வரை சாப்பிட உட்காரமாட்டார்.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாவது வாரம் ஆஸ்பத்திரியில் கோழிக்கு அனுமதி கிடைத்தது. பெட்டியைத் திறந்தார். கொழுப்பில்லாத நெஞ்சுக்கறியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. உள்ளே வைத்து மூடிவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்று காதைக் கொடுத்தார். காற்றாடி ஓடுகிற இரைச்சல் மட்டும் வந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திரும்பி, இயந்திரத்தின் பக்கவாட்டில் காதையே வைத்துப் பார்த்தார். சுட்டதுதான் மிச்சம்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுதா பாரு. அப்படியே அவளை மாதிரி."

வெந்ததா இல்லையா என்று தெரியாத பயத்தில் ஐந்து ஐந்தாகக் கூட்டி இருபத்தைந்து நிமிடம் விட்டுவிட்டார். எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லையே, என்ன ஆகிவிடும் என்ற தைரியம் வேறு. கோழி விறகுச் சிராய்போல வந்தது. படம் எடுக்கப் போனை வைத்த இடம் தெரியவில்லை. தேடிக்கொண்டே, முப்பது வருடக் கேன்டீன் வழக்கப்படி நின்றவாக்கில் வாயில் போட்டு விழுங்கினார். மூன்றாவது வாயில் அடைத்துக்கொண்டது.

நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அது அப்படியே திரும்பி வந்தது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முதுகு வியர்த்துக் கொட்டியது. தையல் பிரிந்துவிட்டதோ?

அப்போதுதான் போன் மணி அடித்தது. படம் போகவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த போனில் தங்கையின் முகம் தெரிந்தது. எடுத்தால் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இந்தத் தடவை எண்ணெயே இல்லை என்றால் நம்புவாளா? நம்பினாலும், மறுபடி லீவு போட்டு வந்து நிற்பாள். அந்த லீவுக்கு அவளுடைய அலுவலகத்தில் என்ன பேச்சு வாங்கினாள் என்று இவருக்குத் தெரியும். கையை நீட்டினார். மடக்கிக்கொண்டார். மணி ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, எதுவும் நடக்காததுபோலக் கல் இறங்கியது. மிச்சமிருந்த கோழியைத் தட்டில் வைத்துப் படம் அனுப்பினார்; உடனே நீலமானது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல் நன்றாகத்தான் இருந்தது. உணவு ஆலோசகரான பெண் அவரைவிட இருபது வயது சிறியவள். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "எண்ணெய் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். ஈரத்தையுமா வேண்டாம்னு சொன்னேன்? உக்காந்து மெல்லுங்க. ஒவ்வொரு வாய்க்கும் இருபத்தஞ்சு தடவை."

"நான் அந்த இருபத்தஞ்சை மெஷின்ல வெச்சுட்டேன்," என்றார் மாஸ்டரம்மா.

வீட்டுக்கு வந்து இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நான்காவது வரியில் இருந்தது: 'கோழி, சின்னத் துண்டு: 12 நிமிஷம். நீ 25 வைப்பே. வைக்காதே.' அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு காகிதத்தைச் சுவரில் ஒட்டினார்.

இருந்தாலும் காது சும்மா இருக்குமா? பாதி நேரத்தில் கூடையை வெளியே இழுத்து ஒருமுறை குலுக்கிப் போடவேண்டும் என்று காகிதம் சொன்னது. அப்படிக் குலுக்கும்போதுதான் பிடிபட்டது. வேகாத காய் கூடையில் சொத்தென்று விழுகிறது. பாதி வெந்தது புரள்கிறது. பதமானது, ஜாடியில் போட்ட கூழாங்கல்போலக் கலகலக்கிறது. "ஓகோ, குலுக்கினாத்தான் பேசுவியா நீ?" என்றார் இயந்திரத்திடம். அன்றிலிருந்து நிமிடத்தைக் காகிதம் சொல்லும். முடிவைக் காது சொல்லும். மெல்லுவதற்கு ஒரு நாற்காலியும் சமையலறைக்குள் வந்தது.

படம் மட்டும் நிற்கவில்லை. மீன், காலிஃபிளவர், பன்னீர், மறுபடி மீன். எடைக் கருவியின் எண் நூறு கிராமைத் தாண்டியதில்லை. நீல டிக், நீல டிக், நீல டிக்.

தங்கை போய் ஏழு மாதம் கழிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், படம் அனுப்புவதற்கு முன்பே போன் அதிர்ந்தது.

'அக்கா, எனக்கும் சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. உன்னுது மாதிரியே மெஷின் வாங்கினேன். நான் எழுதின நிமிஷமேதான் வெச்சேன். உருளைக்கிழங்கு கருகுது. எப்ப எடுக்கணும்?'

மாஸ்டரம்மா நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். பதில் எழுத ஆரம்பித்து அழித்தார். மறுபடி ஆரம்பித்து அழித்தார். உருளைக்கிழங்கு அவர் வீட்டில் வைத்துக்கொள்ளாத பண்டம். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் ஒன்றே ஒன்று வாங்கி வந்தார். விரல் பருமனில் நறுக்கி, ஈரம் துடைத்து, கூடையில் போட்டு மூடினார்.

ஏழு நிமிடத்தில் இழுத்தார். போனில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, கூடையருகே கொண்டுபோய்க் குலுக்கினார். சொத்தென்றது. அனுப்பினார்.

கலகலத்தபோது இரண்டாவதைப் பதிவு செய்தார். கூடையைக் கீழே வைத்தும் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து ஊதி, வாயில் போட்டு, போனை முகத்தருகே வைத்துக்கொண்டு நிதானமாக மென்றார். பிறகு எவர்சில்வர் தம்ளர் ஒன்றை இழுத்து, கணீரென்று கேட்கும்படி அதில் துப்பிவிட்டு, விரலை எடுத்தார்.