பேர் சொல்லாத பிளேட்டுகள்

பாட்டு விற்கிற கடையில் வேலை செய்கிறவர்கள் ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்பதில்லை. வாங்க வந்தவர் பாதியில் கையைக் காட்டுவார். ஊசியைத் தூக்கி அடுத்த பிளேட்டை வைக்க வேண்டும். ரங்கூனில், மொகல் தெருவில், ஒரு ராவுத்தரின் கிராமபோன் கடையில் நாலு வருஷம் நான் இப்படி அரைப் பாட்டாகவே கேட்டேன். என் பையன்கள் இருவரும் இன்சீன் ரயில் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்ணும் புருஷன் வீடு போய்விட்டாள். பொம்பளைகள் வந்தால் பிளேட்டு போட்டுக் காட்ட ஒரு பொம்பளை வேண்டும் என்று ராவுத்தர் கூப்பிட்டார். முன்பு ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்ததால் கொஞ்சம் இங்கிலீஷும் வரும். கடையில் நின்று பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கால்வலியை நான் விளக்கத் தேவையில்லை.

பேர் எங்கே?

நம் பக்கத்துப் பிளேட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடினவர் தன் பேரைச் சொல்வார். எங்கேயோ சீமையில் உட்கார்ந்து அச்சடிக்கிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஏற்பட்ட வழக்கம். ஜனங்கள் அந்தப் பேரையும் பாட்டோடு சேர்த்துத்தான் வாங்கினார்கள்.

துறைமுகத்து மேஸ்திரி ஒருவர் அமெரிக்கப் பிளேட்டு ஒன்றை ஆசையாக வாங்கிப் போனார். மறுநாளே கொண்டுவந்து, குறைப் பிளேட்டு, கடைசித் துண்டைக் காணோம் என்றார். போட்டுக் காட்டினேன். பாட்டு முடிந்தது, கரகரவென்று ஓடி நின்றது. அவர்கள் ஊரில் பேர் சொல்லும் பழக்கம் இல்லை, நடுவில் காகிதத்தில் அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் அதைத் துணியில் சுற்றி என் பக்கமே தள்ளினார்.

"பேர் சொல்லாமப் போற பொம்பளைய எப்படிம்மா வீட்டுக்குள்ள விடுறது?"

வெள்ளிக்கிழமைப் பாட்டு

மேஸ்திரி திருப்பிக் கொடுத்த அந்தப் பிளேட்டு ஒரு மரப்பெட்டியில், இன்னும் இருபதோடு சேர்ந்து வந்தது. ஊர் திரும்பிய கப்பல் அதிகாரி ஒருவர் விட்டுப்போனது. பெட்டியின் மேல் 'ப்ளூஸ்' என்று எழுதியிருந்தது. ப்ளூ என்றால் நீலம் என்று எனக்குத் தெரியும். பெட்டி பச்சையாக இருந்தது. ராவுத்தரிடம் கேட்டேன். அவர் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயிண்ட் மாறிப்போயிருக்கும் என்றார்.

அதில் ஒரு பாட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒருத்தி, என்னை ஏன் விட்டுப் போனாய், 'லார்ட், லார்ட்' என்று உருகுகிறாள். லார்ட் என்றால் ஆண்டவன். வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டதும் அதைத்தான் முதலில் வைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அது ஓடும்போது தெருவில் போன கறுப்பு அமெரிக்கர் ஒருவர் நின்று, உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றினார். பேர் ஹோரேஸ். கப்பல் உலைக்குக் கரி தள்ளுகிற வேலை. ஊரில் கிதார் வாசித்தவராம். நான் கைகூப்பி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டு முடியும்வரை பேசவில்லை. பிறகு, இவள் புருஷன் வேறொருத்தியோடு ரயிலேறிவிட்டான், அதைத்தான் பாடுகிறாள், இந்த மாதிரி துக்கப் பாட்டுக்குத்தான் எங்கள் ஊரில் ப்ளூஸ் என்று பேர் என்றார். நான் சாம்பிராணிப் புகையைப் பார்த்தேன். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"தப்பில்லம்மா. அவளும் கும்பிட்டுத்தான் பாடுறா, ஆள்தான் வேற."

சுவரைப் பார்த்து

கப்பலில் ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை ஹோரேஸ் தினமும் வந்தார். பெட்டியில் இருந்த அத்தனையும் அவருக்குத் தெரியும். ராவுத்தர் நம்பவில்லை. அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தானே பிளேட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பாட்டு தொடங்கும் முன்பே, ஊசி உரசுகிற சத்தத்தில், எந்தக் கம்பெனி என்று ஹோரேஸ் சொல்லிவிடுவார். பியானோவில் மூன்று தட்டு விழுந்ததும் வாசிப்பவர் பேர், அவர் எந்த ஊர், அந்தப் பியானோவில் எந்தக் கட்டை ஊமை என்பது வரை வரும். பதினொன்று வைத்தோம், பதினொன்றும் சரி.

பன்னிரண்டாவதில் அவர் சொன்ன பேர் வேறு, காகிதத்தில் இருந்த பேர் வேறு. ராவுத்தர் முகம் மலர்ந்தது. காகிதம்தான் தப்பு என்றார் ஹோரேஸ். ஒரு கம்பெனிக்குத் தெரியாமல் இன்னொன்றுக்குப் பாட வேண்டி அந்தப் பெண் மூன்று பேர் வைத்துக்கொண்டாளாம். வேறு இரண்டு பிளேட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னார். அதே தொண்டை, அதே இடத்தில் மூக்கால் ஓர் இழுப்பு. ராவுத்தர் மூன்றையும் இரண்டு தரம் கேட்டார்.

"மூணு பேர் வெச்சிருக்கா. ஒண்ணையாவது கடைசில சொல்லித் தொலைச்சா என்ன?"

வெந்த விரல்

பெட்டியின் அடியில் இருந்த ஒன்றை எடுத்து, இதில் கிதார் நான் என்றார் ஹோரேஸ். காகிதத்தில் பாடினவள் பேர் இருந்தது. கீழே 'கிதாருடன்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

பழுது பார்த்து முடிந்து, அவருடைய கப்பல் வியாழக்கிழமை புறப்படுவதாக இருந்தது. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ராச் சாப்பாட்டு வேளையில் வாசிக்க ஆள் தேடினார்கள். அது கிடைத்தால் கப்பலை விட்டுவிடலாம். போய்க் கேட்டிருக்கிறார். பிளேட்டில் வாசித்தவன் என்றதும் மானேஜர், கப்பலில் வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், அத்தாட்சி கொண்டுவா என்று அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி முடிவில் பேரைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் இடது கையை விரித்துக் காட்டினார். உலைச் சூட்டில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. என் பெரியவன் பட்டறையில் சுட்டுக்கொண்டு வரும்போது இப்படித்தான் இருக்கும். மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, எங்கள் அம்மனிடம் உங்களுக்காக வேண்டிக்கொள்ளலாமா, நீங்கள் வேறு மதமாயிற்றே என்று கேட்டேன்.

"சீக்கிரம் வேண்டிக்குங்கம்மா. இன்னொரு தரம் கப்பல் ஏறினா, இந்த விரலுக்குக் கம்பியும் கரியும் ஒண்ணாயிடும்."

ஊசியைத் தூக்கியபோது

அந்த மானேஜர் புதன்கிழமைதோறும் ஊசி டப்பா வாங்க எங்கள் கடைக்கு வருகிறவர். அதனால் ஹோரேஸைக் கிதாரோடு காலையிலிருந்தே உட்கார வைத்திருந்தேன். மானேஜர் வந்ததும் ராவுத்தர் விஷயத்தைச் சொன்னார். நான் அந்தப் பிளேட்டை வைத்தேன். ஹோரேஸ் ஒரு தலையணை கேட்டார். காலால் தாளம் போடுவது பதிந்துவிடாமல் இருக்க, பிளேட்டு பதிவு செய்த அன்று அவர் ஷூவுக்கு அடியில் தலையணை வைத்திருந்தார்களாம். என் நாற்காலி மெத்தையைக் கொடுத்தேன். பிளேட்டோடு சேர்ந்து வாசித்தார். பாடினவள் இரண்டாவது சரணத்தில் ஓர் அடியை மறந்து நிற்கிறாள்; அவள் வரும்வரை கிதார் இரண்டு சுற்று காத்திருந்தது, இரண்டு கிதாரும்தான். அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, ஊசியைத் தூக்கிவிட்டேன். கிதார் நிற்கவில்லை. கம்பியெல்லாம் மஞ்சள்.

மானேஜர், நீதான் என்று ஒப்புக்கொண்டார். நான் அம்மனுக்குக் கற்பூரம் நேர்ந்து முடிப்பதற்குள் என் பக்கம் திரும்பி, அந்தப் பிளேட்டைக் கட்டச் சொன்னார். ஆள்தான் அதிலேயே இருக்கிறாரே, தனியாக ஆளுக்கு வேறு எதற்குச் சாப்பாடு போடுவது என்றார். ஹோரேஸ் கிதாரை உறைக்குள் வைக்க ஆரம்பித்தார்.

வாங்குகிறவரிடம் நான் அதிகம் பேசுவதில்லை. அன்று பேசினேன். துரை, பிளேட்டு ஓடுவது மூன்று நிமிஷம், உங்கள் ஹோட்டலில் சாப்பாடு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இரண்டு மணி என்றார். அப்படியானால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சாவி கொடுக்க, ஊசி மாற்ற, பிளேட்டைப் புரட்ட ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவரும் சாப்பிடுவார் என்றேன். எந்தப் பிளேட்டு எது என்று தெரியாதவராக இருந்தால் விருந்து நடுவில் சாவுப் பாட்டை வைத்துவிடுவார். பெட்டியிலுள்ள அத்தனையும் தெரிந்தவர் இதோ இருக்கிறார், ஊசி மாற்றும் நேரத்தில் கை சும்மா இருக்கவும் இருக்காது என்றேன். மானேஜர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, பெட்டியோடு என்ன விலை என்று கேட்டார். ராவுத்தர் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை கப்பல் போயிற்று. ஹோரேஸ் கடைவாசலில் வந்து நின்றார்.

"வேலை கிடைச்சுதும்மா. இனிமே எனக்கு நானே சாவி கொடுக்கணும்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் நான் வாய் திறந்து பேசி விற்றது ஒரே ஓர் ஆளைத்தான், அதுவும் பிளேட்டோடு சேர்த்து.