நெஞ்சுப் படம் எடுக்கக் காரைக்குடிக்கு

மதுரையிலிருந்து காரைக்குடி எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ் கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது காசு. காலை ஆறரை மணி வண்டியைப் பிடித்தால் மேலூர், திருப்பத்தூர் வழியாக ஒன்பதரைக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் பெரிய பெரிய வீடுகளைப் பார்க்கப் போவார்கள், அல்லது பிள்ளையார்பட்டிக்குக் கும்பிடப் போவார்கள். நான் போனது சண்டை போட. எழுபதுகளின் தொடக்கம், ஆவணி மாதம்.

எனக்கு அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வெளியூர் டிரங்க் கால்களில் பேசிப் பேசி என் தொண்டைக்கு மெதுவாகப் பேசவே மறந்துபோயிருந்தது. என் தங்கை மீனாவைச் சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பதினோரு மாதத்தில் ஒரு மகன். முந்தின நாள் சாயங்காலம் அவள் கணவன் முத்தையா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வந்ததாம். எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து நெஞ்சைச் சின்னதாகப் படம் பிடித்தார்களாம். மீனாவின் வலது நுரையீரலில் மேல்பக்கம் நிழல் விழுந்திருக்கிறது, டி.பி.யாக இருக்கலாம், பெரிய படம் எடுத்து டாக்டரிடம் காட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம்.

"காட்டுனீகளா?" என்றேன்.

"எங்க ஆத்தா வேணாம்னுருச்சு. அவளை உங்க வீட்டுலயே வச்சு வைத்தியம் பாருங்க. பிள்ளை எங்ககிட்ட இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டைக் குடத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அல்லவா பேசுகிறான்! என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அழாதம்மா, நாளைக்கு நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் முத்தையாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேலூர் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். கானாடுகாத்தானுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறாளாம். எதற்குப் போகிறாய் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான், சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஏங்க, நோவு என் தங்கச்சிக்கு. அதுவும் இருக்கான்னு இன்னும் தெரியல. அதுக்குள்ள ஓடுறீக!" என்றேன், வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. முத்தையா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டான்.

காரைக்குடியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் சாக்கோட்டை போய், அங்கிருந்து செம்மண் பாதையில் ஒன்றரை மைல் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோற்போரை ஒட்டி மாட்டுக் கொட்டகை. அதில் ஒரு தடுப்புக்குள் பாயைப் போட்டு மீனா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை கேட்கக் கேட்க பால் சுரந்து அவள் மாராப்பு நனைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த நாகரிகமான பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அத்தை! மனுசி இருக்கிற இடமா இது?"

அவள் மாமியார் நிலைப்படியில் நின்றபடியே பேசினாள். "கத்தாத தாயி. நானும் மூணு பிள்ளையப் பறிகொடுத்தவதான். இருக்கிறது இந்த ஒரு பேரன். இருமல் நோவு வந்த வீட்டுல பிள்ளை தங்குமா? நீயே சொல்லு."

அவளுடைய பயம் புரியாமல் இல்லை. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "சீட்டுல இருக்கலாம்னுதானே போட்டிருக்கு? இருக்குன்னா போட்டிருக்கு?"

"நிழல் விழுந்துருச்சுல்ல?"

"அக்கா, விடு" என்று மீனா எழுந்தாள். "படம் எடுக்கணும். அவ்வளவுதான? வா, போவோம்."

மாமியார் பிள்ளையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. முத்தையா அங்கேயே நின்றுவிடப் பார்த்தான். "வாங்க தம்பி, உங்க பொண்டாட்டி நுரையீரல்தான், வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். வந்தான்.

பகல் இரண்டு மணிக்குக் காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. செட்டியார் வீடு ஒன்றின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்து நடத்தினார்கள். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே நோயாளிகளுக்கு பெஞ்சு. ஜன்னலே இல்லாத பாத்திர அறையைப் படம் கழுவும் இருட்டறையாக மாற்றியிருந்தார்கள். படத்துக்குப் பதினைந்து ரூபாய். கழுவிய பிலிமைக் கொடியில் கிளிப்பு மாட்டித் துணி மாதிரி உலர்த்தியிருந்தார்கள்.

மீனாவைத் திரைக்குப் பின்னால் அனுப்பி ஒரு மெல்லிய அங்கியைக் கொடுத்தார்கள். தாலியைக் கயிற்றோடு தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னார்கள், உலோகம் படத்தில் விழக்கூடாதாம். படம் எடுப்பவர் ஐம்பது வயது ஆண். பெண் வந்து நின்றதும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தகட்டுல நெஞ்ச ஒட்டி நில்லும்மா, மூச்ச இழுத்துப் புடி" என்றார். டக்கென்று சத்தம் கேட்டது. முடிந்தது.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, வெளிச்சப் பெட்டியில் ஈரப் படத்தை மாட்டினார். என் கண்ணுக்கே தெரிந்தது. வலது பக்கம், மேலே, வெள்ளையாக ஒரு பட்டை, நிழல் என்றார்களே அதுதான்.

எக்ஸ்ரே வண்டிக்காரன் பொய் சொல்லவில்லை. முத்தையா சுவரில் சாய்ந்தான். மீனா மட்டும் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பென்சிலால் அந்தப் பட்டையைக் கீழிருந்து மேலே தொட்டுக்கொண்டே போனார். "இது எங்குட்டுப் போகுது பாருங்க. நுரையீரலத் தாண்டி, எலும்பத் தாண்டி, கழுத்துக்குப் போகுது. நுரையீரல் கழுத்துலயா இருக்கு?" என்றவர் சட்டென்று மீனா பக்கம் திரும்பினார். "படம் எடுக்கையில சடை எங்க இருந்துச்சு?"

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னால."

"ஏன்?"

"அங்கி மெலிசா இருந்துச்சு. ஆம்பளை நிக்கிறாக. சடைய எடுத்து அங்கிக்குள்ள முன்னால போட்டுக்கிட்டேன்."

"எக்ஸ்ரே வண்டியிலயும்?"

"அங்கயும்தான். அத்தை சொன்னாக, நெஞ்ச மறைச்சுக்கன்னு. நான் மட்டுமில்ல, சடை போட்ட பிள்ளைகள்லாம் அப்படித்தான் நின்னோம்."

மீனாவுக்குச் சடை கையளவு தடிமன். அதில் தினம் நல்லெண்ணெய். அடிவரை கறுப்பு நூல் வைத்துப் பின்னியிருப்பாள். அவ்வளவு தடித்த சடை படத்தில் வெள்ளைப் பட்டையாக விழுமாம். படம் எடுக்கிறவர் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள, இவள் மானத்துக்குச் சடையால் மறைத்துக்கொள்ள, இரண்டு மரியாதையும் சேர்ந்து என் தங்கைக்கு டி.பி.யை வாங்கிக் கொடுத்திருக்கிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டாக்டர் படம் எடுத்தவரைக் கூப்பிட்டு நன்றாக டோஸ் விட்டார். மீனா சடையைச் சுருட்டி உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு மறுபடி போய் நின்றாள். இந்தப் படத்துக்குக் காசு வாங்கவில்லை.

நான்கரை மணிக்கு இரண்டாவது படம் வந்தது. பட்டை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. டாக்டர் அதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு முத்தையாவிடம் சொன்னார்: "தம்பி, ஒண்ணு கேட்டுக்கங்க. உங்க ஊருல சீட்டு வாங்குன எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. யாருக்காச்சும் நெசமாவே இருந்தாலும் இருக்கும். இருந்தா மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. வீட்டுலயே இருந்து வருசத்துக்கு மேல விடாமச் சாப்பிடணும். கொட்டகையில போட்டா நோவு போகாது."

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கிராமத்துக்குத் திரும்பினோம். முத்தையா முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டான். மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "என் ராசாத்தி! அந்த ஆத்தா கண்ணத் தெறந்துட்டா. வா, உள்ள வா."

மீனா பிள்ளையை வாங்கி அங்கேயே உட்கார்ந்து மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். பிள்ளை குடித்து முடித்ததும் எழுந்தாள். உள்ளே போகவில்லை.

"படம் சுத்தமா இருக்குன்னு பிள்ளையக் குடுத்தீக அத்தை. இல்லைன்னா?"

"அதான் ஒண்ணுமில்லேன்னு ஆயிருச்சே, இன்னும் என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

"நாளைக்கு எனக்கு நெசமாவே வந்துச்சுன்னா? எங்க படுக்க வைப்பீக?" என்று கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

முத்தையா காலால் மண்ணைக் கீறினான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. பதில் கெடைச்சதும் மதுரைக்கு வாங்க. அதுவரைக்கும் நானும் பிள்ளையும் அங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு மீனா நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் நடந்தேன். சண்டை போடவென்று எக்ஸ்சேஞ்சுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள் நான். கடைசியில் கொட்டகையிலிருந்த அவள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் என் வேலையாகப் போயிற்று.

காரைக்குடியில் கடைசி பஸ் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மாட்டுக் கொட்டகையிலா வைப்பார்கள், மதுரையில் இப்படி நடக்குமா, படிக்காத ஜனங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். மீனாவின் மடியில் பிள்ளை தூங்கியது.

வீட்டில் அம்மா விழித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாள். பேரனை வாங்கி முத்தம் கொடுத்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். எனக்கு வழக்கமான வெண்கலச் செம்பில். மீனாவுக்குத் தனியாக ஓர் அலுமினியத் தம்ளரில்.

"ஒண்ணுமில்லதான். இருந்தாலும் நாலு நாளைக்கு..." என்று இழுத்தாள் அம்மா.

நாள் முழுக்கக் கத்திய தொண்டையில் ஒரு சொல் எழவில்லை. மீனா அந்தத் தம்ளரைத் தொடவே இல்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்து குடிக்கிற செம்பு. அதில் வாய் வைத்துக் குடித்தாள். பாதியில் நிறுத்தி அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தா, நீயும் குடி."

அம்மா செம்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, வாய் வைத்துக் குடித்தாள்.