பவுலின் பார்த்த கல்

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் பவுலினுக்கு ஒரு பழக்கம். கையில் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் நக்கிப் பார்ப்பாள். காய்ந்த கல் எதையும் காட்டாது, ஈரம் பட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பாள். குழாய்த் தண்ணீரில் நனைத்தால் ஆகாதா என்று நான் கேட்டிருக்கிறேன். ஈஜிபுராவில் நாம் நினைத்த நேரத்துக்குக் குழாயில் தண்ணீர் வருமா என்று திருப்பிக் கேட்டாள்.

அடுகோடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, அகேட் என்ற வண்ணக் கற்களை அறுத்துச் சாணை பிடிப்பது அவள் தொழில். முன்பு அந்தப் பக்கத்திலேயே ஒரு கல் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி ஓசூருக்கு இடம் மாறியபோது இவள் போகவில்லை. அவர்கள் கழித்துக்கட்டிய ரம்பத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு சொந்தமாக ஆரம்பித்தாள். கணவர் ஓஸ்வால்ட் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் பவுலின் தலைமுடியில் இருக்கும் கல் தூளைத் தட்டிவிடுவது அவருடைய வேலை.

அடி தட்டையாகவும் மேல்புறம் குவிந்தும் வழவழவென்று இருக்கும் மோதிரக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். கபோஷான் என்று பெயர். பவுலின் செய்வது அதுதான். அதிலும் அவளுக்குப் பிடித்தவை இரண்டு வகை. மாஸ் அகேட் என்பதில் பச்சையும் பழுப்புமாக இழைகள் குளத்துப் பாசி போலக் கண்டபடி அலைந்திருக்கும். ப்ளூம் அகேட்டில் இழைகள் ஓர் அடியிலிருந்து கிளம்பி இறகு இறகாக மேலே விரியும். இரண்டும் செடியல்ல, கல் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட தாதுக்கள்தான். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். வெறுங்கல்லுக்குச் சாயம் ஏற்றியும் விற்பார்கள். சாயம் என்றால் நிறம் விரிசல்களில் போய்த் தேங்கியிருக்கும், பவுலின் வெளிச்சத்தில் காட்டிய உடனே சொல்லிவிடுவாள்.

அவள் செய்யும் கற்களை விற்பவள் வீணா. பழைய கம்பெனியில் பக்கத்துச் சாணையில் உட்கார்ந்தவள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். இப்போது அபார்ட்மெண்ட் வளாகங்களில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் வீணா மேஜை போடுகிறாள். நன்றாகப் பேசுவாள். எனக்கு அவளை முதலிலிருந்தே பிடிக்காது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, பவுலினிடம் சொன்னால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை வீணா வாங்கி வந்த ஒரு பெட்டிக் கல் முழுவதும் சாயம் என்று பவுலின் ஒதுக்கிவிட்டாள். வீணா முகம் சுளிக்காமல் அத்தனையையும் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கதையையே சந்தையில் சொல்லிச் சொல்லி விற்றாள். அதன் பிறகு ஒவ்வொரு கல்லோடும் ஓர் அட்டை கட்டினாள். ‘பவுலின் அக்கா பார்த்த கல்’ என்று மூன்று பாஷையில் அச்சடித்திருந்தது. பவுலின் அதில் ஒன்றை எடுத்து வந்து எனக்குக் காட்டினாள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயர் அச்சாகி நான் பார்த்ததில்லை, அவளும் பார்த்திருக்கமாட்டாள். அட்டையை மாதா படத்துக்குக் கீழே செருகிவைத்தாள்.

போன வருஷம் அவள் கைக்கு ஒரு கல் வந்தது. மகாராஷ்டிராவிலிருந்து வந்த மூட்டையில் கிடந்த கரடுமுரடான உருண்டை. நக்கிப் பார்த்தவள் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள். உள்ளே கறுத்த இறகு, நுனியில் மட்டும் சிவப்பு. ப்ளூம் கல்லை எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறகு போகும் போக்கில் அறுத்தால் இறகு கிடைக்கும், குறுக்கே அறுத்தால் வெறும் புள்ளிகள்தான். பல நாள் அதை உருட்டி உருட்டிப் பார்த்த பிறகே ரம்பத்தில் வைத்தாள். முதலில் ஒரு கனமான துண்டு எடுத்து, அதில் ஒரே ஒரு கபோஷான் செய்தாள். சாணையில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தாலும் சிவப்பு நுனி போய்விடும். நுனி கல்லின் மேல்பரப்பைத் தொடுவதற்குச் சற்று முன்னே நிறுத்தினாள். நான் பார்த்தேன். தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது.

அதை விற்கவில்லை. வீணா எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஃபிளாட் வாங்கிப் பால் காய்ச்சியபோது, வெள்ளிப் பதக்கமாகக் கட்டி அவள் கழுத்தில் போட்டுவிட்டாள். வீணா அழுதாள். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓஸ்வால்ட்கூட அன்றைக்கு அதை வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்றார். கேட்கிற ஆளா பவுலின்?

மிச்சமிருந்த கல்லை மெல்லிசாக, அப்பளம் மாதிரி அறுத்துத் தரும்படி வீணா கேட்டாள். ஜன்னலில் தொங்கவிட்டால் வெயில் ஊடுருவி அழகாக இருக்குமாம், ஃபிளாட்காரர்கள் விரும்புகிறார்களாம். அவ்வளவு மெல்லிய துண்டில் கபோஷான் செய்யமுடியாது. அது பவுலினுக்குத் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் எதற்கு என்று குடைந்திருப்பாள். கேட்டது வீணா என்பதால் அறுத்துக் கொடுத்தாள்.

இந்த மழைக்காலத்தில் ஸ்ரீலக்ஷ்மி என்ற அம்மாள் ஷெட்டைத் தேடி வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கென்று வீணாவிடம் ஒரு பதக்கம் வாங்கியிருந்தார். மகள் அதைப் போட்டுக்கொண்டு குளித்ததில் கல்லின் ஓரம் பாலாடை படிந்தது போல மங்கிவிட்டது. கூடவே அந்த அட்டையும் கொண்டுவந்திருந்தார்.

“நீங்க பாத்துச் சொன்னதுன்னு நம்பித்தானே வாங்கினேன். அவளைக் கேட்டா, ஒட்டினதெல்லாம் பவுலின்தான், அங்க போய்க் கேளுங்கோங்கறா.”

பவுலின் கல்லை வாங்கி ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள். நல்ல ப்ளூம் என்றால் சாய்க்கும்போது இழைகள் ஆழத்துக்கு ஆழம் நகரும். இதில் எல்லாம் ஒரே தளத்தில், காகிதத்தில் அச்சடித்தது போலக் கிடந்தன. மேலே கண்ணாடிக் குமிழ், அடியில் மெல்லிய கல், நடுவே தண்ணீர் பட்டு வெளுத்த பசை. தொழிலில் ஒட்டுக்கல் என்பார்கள். அதற்குள் கறுத்த இறகு, நுனியில் சிவப்பு. தான் அறுத்த அப்பளம் அது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒட்டியது நானல்ல, ஆனால் உள்ளே இருக்கும் கல்லை அறுத்தது நான்தான் என்று உள்ளதைச் சொன்னாள். அந்த அம்மாள் காதில் இரண்டாவது பாதிதான் விழுந்தது. அட்டையைச் சாணை மேஜைமீது வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பவுலின் சமைக்கவில்லை. என் வீட்டில் வந்து உட்கார்ந்து, பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். நான் வீணாவைத் திட்டியபோது, அவள் வாயால் கேட்காமல் எதுவும் பேசாதே என்று என்மேல் சீறினாள். இத்தனைக்குப் பிறகும் அப்படி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனாள். நானும் கூடப் போனேன், தனியாக அனுப்ப மனசில்லை. மேஜை நிறையக் கறுப்பு இறகுகள், எல்லாவற்றின் நுனியிலும் சிவப்பு, எல்லாவற்றிலும் அட்டை. பவுலினைக் கண்டதும் வீணா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒட்டுக்கல் என்பதை மறுக்கவேயில்லை. எல்லோரும் அந்தக் கல்லைத்தான் கேட்கிறார்கள், ஒரு கல்லில் எத்தனை பேருக்குக் கொடுக்கமுடியும், உள்ளே இருப்பது நிஜக் கல்தானே என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

“ஒட்டினது நான்னு ஏன் சொன்ன?” என்று பவுலின் கேட்டாள்.

“பேஜார் ஆகாதீங்கக்கா. நீங்கன்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. உங்க மேல அவ்ளோ மரியாதை.”

பவுலின் மேஜையிலிருந்த ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்ட வீணா, கழுத்துப் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“பாருங்க, நீங்க போட்டதை நான் கழட்டினதே இல்ல.”

பவுலின் கையை நீட்டினாள். பழக்கதோஷம், கட்டைவிரலை எச்சிலில் தொட்டுக் கல்லின்மேல் தேய்த்து, வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். அவள் கண்கள் எதைத் தேடின என்று எனக்கும் தெரியும். சிவப்பு நுனி மேலே, விரலில் ஒட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். அது அடியில் கிடந்தது. இறகு முழுவதும் கண்ணாடிக்குக் கீழே தட்டையாகப் படுத்திருந்தது.

“நான் குடுத்தது எங்க?”

வீணா மேஜையில் இருந்த கற்களை நேராக்கினாள். ஒருத்தர் ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டார் என்றாள். இதுவும் அதே மாதிரிதானே இருக்கிறது, வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். எதிரில் நிற்பவளுக்குத் தெரியும் என்பது அவள் நினைவிலேயே இல்லை.

அப்போது ஓர் இளம்பெண் மேஜைக்கு வந்து ஒரு பதக்கத்தை எடுத்தாள். அட்டையைப் படித்துவிட்டு, இது ஒரிஜினலா என்று பொதுவாகக் கேட்டாள். வீணா வாயைத் திறப்பதற்குள் பவுலின் சொல்லிவிட்டாள்.

“ஒட்டுக்கல்லும்மா. மேல கண்ணாடி. உள்ள இருக்கறது ப்ளூம் அகேட், அறுத்தது நான்.”

“நீங்க யாரு?” என்றாள் அந்தப் பெண்.

பவுலின் தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த அட்டையை இன்னொரு முறை பார்த்தாள், பிறகு பவுலினைப் பார்த்தாள். பதக்கத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.