பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

போன மாதம் அக்கா புதுக் கைப்பேசி வாங்க என்னையும் சுங்கைப்பட்டாணி டவுனுக்குக் கூட்டிப் போனாள். கடைப் பெண் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்ததும், அக்கா நான்கைந்து இடத்தில் விரலால் தொட்டாள். திரை கறுத்தது, எழுத்துகள் மஞ்சளாகிப் பெருத்தன, தொட்ட இடத்தின் பெயரைக் கைப்பேசியே வாய்விட்டுச் சொன்னது. "இது எனக்கே தெரியாது லா, அக்கா" என்று கடைப் பெண் வியந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பொறாமைதான். அதோடு வளர்ந்தவள் நான்.

அது உச்சத்தில் இருந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அக்காவுக்குப் பதினேழு. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை குறைவு. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல எல்லாம் தெரியும் என்பாள். கரும்பலகை தெரியாமல் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். பாலிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அத்தை, "சும்மாதானே இருக்கா, எனக்கு ஒத்தாசையா அனுப்புங்க" என்று வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலோர் ஸ்டாரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கடையில் கழித்துப் போட்ட பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல அதை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் லயத்தில் கம்ப்யூட்டர் வந்த முதல் வீடு எங்கள் வீடுதான். நான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், அதன் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் மேரி பிஸ்கட் அளவு. நான்கு சொல்லுக்கு மேல் திரையில் இடமில்லை. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இது தெரியுதாம்மா? சரி, இது?" என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார். மாலை வரைக்கும் அதையேதான் கேட்டார். என்னிடம் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட ஒரு பென்சில் டப்பாவோடு முடித்துக்கொண்டார்கள்.

எனக்கும் கண் மங்கலாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா பதறிப்போய் என்னை வாசலுக்கு அழைத்து வந்தார். செம்பனை மரங்களுக்கு நடுவில், தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டி, "அங்க யாரு வர்றது?" என்றார். "ஐஸ்கிரீம் அங்கிள்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாதி வழியில்தான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

அலோர் ஸ்டாரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தட்டச்சு வகுப்பு இருந்தது. அதில் சேர்ந்தால் ஏதாவது அலுவலகத்தில் வேலை கிடைக்கும். ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. சித்தப்பா அங்கே போய் அக்காவுக்காகப் பேசினார். "எங்கள் கம்ப்யூட்டரை யாருக்காகவும் மாற்றி வைக்க முடியாது. ஐந்து நிமிடம் தருகிறோம், அவளே மாற்றிக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்குவதற்கான மெனுப் பட்டியலோ பொடி எழுத்தில் இருக்கும், அது அக்காவுக்குத் தெரியாது. அதனால் சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினால் எங்கே போகும் என்று எண்ணிக்கையாகச் சொல்லிக் கொடுத்தார். கீழே ஐந்து, வலது ஒன்று, கீழே மூன்று. அக்கா வாய்ப்பாடு மாதிரி இதை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். கடைசிப் பாடம் ஒன்று பாக்கி இருந்தது. எண்ணிக்கை தவறினால் எப்படி முதலிலிருந்து தொடங்குவது என்பது. சித்தப்பாவின் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. சனிக்கிழமை தேர்வு. வெள்ளியன்று வந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை.

வியாழக்கிழமை மாலையே அம்மா பூஜைக்கு எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தி, தையல் மிஷின், அரிவாள்மனை, என் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போயின. பூஜையில் வைத்ததை, பூஜைக்கு மறுநாள் நல்ல நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அம்மா விட்டுக்கொடுக்காத சில விஷயங்களில் அது ஒன்று. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"அம்மா, கம்ப்யூட்டரும் படிக்கிறதுக்குத்தானே? சாமிக்கு அத வைக்கலியா?"

அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அட, எனக்கு இது தோணலியே!"

சத்தியமாகச் சொல்கிறேன், தேர்வைக் கெடுக்க நான் நினைக்கவில்லை. அந்த ஒரு வெள்ளிக்கிழமையாவது சித்தப்பா என்னோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டர் இல்லையென்றால் அவருக்கு வேறு வேலை இருக்காது, என்னோடு கேரம் விளையாடுவார். என் திட்டம் அவ்வளவுதான்.

கண்ணாடித் திரையில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். பொத்தான் பலகைக்கு ஒரு முழம் பூ. சத்தம் கேட்டு அக்கா வந்து, கையால் தடவிப் பார்த்தாள். விரலில் சந்தனம் ஒட்டியது.

"இதை யாரும்மா வைக்கச் சொன்னது?"

"சின்னவதான். எவ்வளவு அறிவு பாரு அவளுக்கு!"

அக்கா என் பக்கம் திரும்பினாள். அம்மா என்னை அறிவாளி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை சித்தப்பா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணி, ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக்கிறேன். நாளைக்கு அவளுக்குப் பரீட்சை."

"சாமிக்கு வச்சதை எப்படித் தம்பி எடுக்கிறது? பரீட்சைக்காகத்தானே வச்சிருக்கு? நாளைக்கு எட்டரைக்கு நல்ல நேரம், அப்ப எடுத்துக்குங்க."

"பஸ் ஆறரைக்கு, அண்ணி."

அப்பா வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "விடுங்க சித்தப்பா, வாயால சொல்லிக் குடுங்க" என்றாள் அக்கா.

நான் உடனே கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரி! இதுதான் வேணும்" என்று வாங்கி, பலகையைக் குப்புறப் போட்டார். சாக்பீஸால் அதன் முதுகில் கட்டம் கட்டமாகப் பொத்தான்களை வரைந்தார். அன்று முழுக்க இருவரும் பாயில் உட்கார்ந்து அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தப்பாகத் தட்டினால் சித்தப்பா கம்ப்யூட்டர் மாதிரியே "டிங்" என்று வாயால் சத்தம் கொடுத்தார். அக்கா சிரித்தாள். நான் கேரம் காய்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். கம்ப்யூட்டர் இல்லாமலும் அவருக்கு அவள்தான் வேண்டும். அந்த எரிச்சலில் மதியம் பாயசம்கூடக் குடிக்கவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை இருட்டு பிரிவதற்குள் அக்காவும் சித்தப்பாவும் புறப்பட்டுப் போனார்கள். சாயங்காலம் அக்கா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள். அம்மா காப்பியோடு வந்து கேட்டார். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் பட்டியல் ஒரு வரி அதிகமாம். ஐந்தாவது தட்டிலேயே வழி மாறிவிட்டது. "திரும்ப ஆரம்பிக்கிறதுக்குச் சித்தப்பா சொன்னது காதுல இருந்துச்சும்மா, கைக்குத்தான் வரல" என்றாள். ஐந்து நிமிடம் அதிலேயே முடிந்துவிட்டது. பிறகு, தெரியாத திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தையும் அடித்தாளாம். என்ன அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அக்கா இரண்டு வருடம் பாலிங்கில் அத்தை கடையில் வெங்காயம் உரித்தாள். அதற்குப் பிறகுதான் மறுபடி தேர்வு எழுதி அந்த நிலையத்தில் சேர்ந்தாள். இன்றைக்கு அவளுக்கு நல்ல வேலை. அந்தப் பூஜையைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்கு எப்போதுமே வாய் திறந்து பேச வராது.

அந்த முதல் தேர்வுக்குப் பிறகு நிலையத்திலிருந்து கடிதம் வந்த நாள் மட்டும் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. அன்றும் வெள்ளிக்கிழமை, சித்தப்பா வந்திருந்தார். வீட்டுக்கு மலாய்க் கடிதம் வந்தால் அப்பா அதைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் படித்துச் சொல்லக் கொண்டுபோவார். அன்று நான் முந்திக்கொண்டேன். "நான் படிக்கிறேன்ப்பா!" மலாய் வாசிப்பில் வகுப்பிலேயே நான்தான் முதல். சித்தப்பா அதை ஒருநாளும் கேட்டதில்லை. இதுதான் சமயம்.

நடு வீட்டில் நிமிர்ந்து நின்றேன். ஆசிரியர் சொல்லிக் கொடுத்த மாதிரி கடிதத்தை முகத்துக்குத் தள்ளியே பிடித்தேன். 'டுக்காசித்தா' என்று ஆரம்பித்தது. வருத்தம் தெரிவிக்கும் கடிதம் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று கடிதப் பாடத்தில் படித்திருந்தேன், அதனால் குரலையும் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டேன். அக்காவின் முழுப்பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு எடுத்து வாசித்தேன். இடம் இல்லை என்கிற வரியில்கூட ஒரு சொல் தடுக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டவரின் பதவியைக்கூட விடவில்லை.

முடித்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பங்கரைக்குள் போனார். அக்கா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வாசித்தது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து, இன்னும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.